ஹீரோவின் பற்று வரவு

பி.காம். படித்தவனோடு சிநேகம் வைத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான். கல்யாணத்துக்குப் போனால் ஊரே பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கும். அவன் மட்டும் பந்தியைப் பார்த்து, ஒரு இலைக்கு எவ்வளவு விழுந்திருக்கும் என்று மனசுக்குள் வகுத்துக்கொண்டிருப்பான். கோயிலுக்குப் போனால் சாமிக்கு முன்னால் உண்டியல் கண்ணில் படும். எதைக் கண்டாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுதிவிட்டுத்தான் மறுவேலை.

இந்த வாரம் என் கோட்டில் மாட்டிக்கொண்டவர் நடிகர் சிவகார்த்திகேயன். அவருக்கு இது தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட மாட்டார். அவருக்கென்று நிஜ ஆடிட்டர் இருப்பார்.

அவர் ஏன் மாட்டினார் என்று சொல்வதற்கு எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொம்மையார்பாளையம். பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், கோட்டக்குப்பம் தாண்டியதும் வரும் மீனவர் ஊர். இந்த ரோட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பாண்டியில் பஸ் ஏறினால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு. எங்கள் ஊரும் தமிழ்நாடு. அடுத்து பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு... மறுபடி புதுச்சேரி! அதையும் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. டவுன் பஸ் டிக்கெட்டில் மாநில எல்லையை மூணு தடவை தாண்டுகிற பாக்கியம் வேறு எந்த ஊர்க்காரனுக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்?

மற்றபடி பெருமைப்பட அதிகம் இல்லை. கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. வலை காயப்போட்ட இடத்தில் இப்போது அலை காய்கிறது. அதனால் எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே மந்திரம்தான்: 'கடலை நம்பாத, படி.'

அப்படி ஒரு அம்மா, கூடையில் மீன் சுமந்து பாண்டி மார்க்கெட்டில் விற்கிறவர், போன மாசம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ நாலு பேருக்குக் கணக்கு எழுதற புள்ள. நீ சொன்னா கேப்பான். எடுத்துச் சொல்லு."

"இன்னாக்கா ஆச்சு?"

"பி.காமு ரெண்டாவது வருசம். பாதியில வுட்டுட்டு மெட்ராசுக்குப் போறானாம். சினிமால நடிக்கப் போறானாம்!"

பையன் பின்னாலேயே நின்றிருந்தான். நல்ல பையன். முடியை மட்டும் ஏதோ பாட்டு சீனில் பார்த்தபடி வெட்டியிருந்தான்.

"அண்ணா, சிவகார்த்திகேயனைப் பாருங்கண்ணா. நம்மள மாதிரி சாதாரண வூட்டுப் பையன்தான். டிவியில மிமிக்ரி பண்ணாரு. சினிமால ஹீரோ ஆய்ட்டாரு. அவ்ளோதாண்ணா!"

'அவ்ளோதாண்ணா' என்றானே, அந்த ஒரு வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. வியாபாரிகள் என்னிடம் ஜி.எஸ்.டி. போட வரும்போது சொல்கிற அதே வார்த்தை. 'இவ்ளோதான் சார் பில்லு' என்று ஒரு மஞ்சப் பையை நீட்டுவார்கள். பிரித்தால் மூணு வருஷத்துக் கதை உள்ளே இருக்கும்.

சரி, பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆரம்ப இருப்பு

எந்தக் கணக்குக்கும் முதல் வரி ஆரம்ப இருப்பு. கடையைத் திறந்தபோது கல்லாவில் என்ன இருந்தது?

1985 பிப்ரவரி 17-ல் சிங்கம்புணரியில் பிறந்தவர் சிவகார்த்திகேயன். அப்பா தாஸ் சிறைத்துறை அதிகாரி. ஜெயில் உத்தியோகத்தில் ஒரு விநோதம்: கைதி ஒரே ஊரில் இருப்பான், அதிகாரிதான் ஊர் ஊராக மாறிக்கொண்டிருப்பார். பையன் இன்ஜினீயரிங் படித்தது திருச்சி ஜே.ஜே. காலேஜில். அங்கே மேடை ஏறி மிமிக்ரி பண்ணுவதில் பிரபலம். காலேஜ் வயசிலேயே அப்பா காலமாகிவிட்டார். அக்கா டாக்டர்.

2021-ல் தனக்கு மகன் பிறந்தபோது, பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு அப்பா மகனாக வந்து தன் விரலைப் பிடித்திருக்கிறார் என்ற பொருளில் எழுதினார் அவர். குழந்தைக்கு குகன் தாஸ் என்று பேர். பதினெட்டு வருஷமும் அந்த இழப்பைக் கூடவே வைத்திருந்தார் என்று அதிலிருந்து தெரிகிறது.

ஆக, 'நம்மள மாதிரி' என்று பையன் சொன்னது பாதி சரி. சினிமாவில் மாமா கிடையாது, சித்தப்பா கிடையாது, சொந்தத் தயாரிப்புக் கம்பெனி கிடையாது. மீதிப் பாதியையும் எழுத வேண்டுமே! படிப்பை மதித்த வீடு. கையில் இன்ஜினீயரிங் டிகிரி. விழுந்தால் எழுந்து நிற்கக் காலுக்குக் கீழே தரை இருந்தது. பேட்டிகளில் இதை யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. ஐந்தொகையில் முதல் சொத்தே அதுதான்.

எங்கள் ஊர்ப் பையன் விடப் பார்த்தது அதையேதான்.

நடப்பு வேலை

தொழிற்சாலைக் கணக்கில் 'நடப்பு வேலை' என்று ஒரு தலைப்பு உண்டு. சரக்கு பாதிதான் முடிந்திருக்கும். விற்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. அதன் மேல் கூலியும் நேரமும் ஏறிக்கொண்டே இருக்கும். நடிகனுக்கு இந்தக் காலம்தான் ரொம்பக் கஷ்டமான காலம். சிவகார்த்திகேயனுக்கு இது டிவியில் நடந்தது.

இன்ஜினீயரிங் முடித்து, எம்.பி.ஏ. சேர்வதற்கு முன் கிடைத்த இடைவெளியில், விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு' நிகழ்ச்சிக்குப் போனார். ஜெயித்தார். அந்த நிகழ்ச்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். எதிரே நடுவர்கள், பக்கத்தில் போட்டியாளர்கள், முன்னால் ஜனம். நீங்கள் சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை என்றால், அடுத்த வினாடியே உங்களுக்குத் தெரிந்துவிடும். கேமராவுக்கும் தெரிந்துவிடும். அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு அடுத்த ஜோக்கைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் 'ஜோடி நம்பர் ஒன்'. அப்புறம் 'அது இது எது' தொகுப்பாளர். 'குரூப்ல டூப்பு', 'சிரிச்சா போச்சு', 'மாத்தி யோசி' என்று மூணு சுற்று. பார்க்கிற நமக்கு விளையாட்டு. நடுவில் நிற்கிறவனுக்கு வேலை பெண்டு நிமிரும். வந்த விருந்தாளி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவரைப் பேச வைக்க வேண்டும். சப்பையாக ஒரு பதில் சொல்வார். அதையும் சிரிப்பாக்க வேண்டும். கலாய்க்க வேண்டும், ஆனால் மனசு நோகக் கூடாது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டும். இதை ஒவ்வொரு வாரமும், இன்னொருத்தருக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுத்தபடியே செய்ய வேண்டும்.

எங்கள் ஊருக்கு வடக்கே அதே ரோட்டில் போனால் மரக்காணம். ரோட்டோரமே உப்பளம். கடலோரத் தண்ணியை ஒரே பாத்தியில் கொட்டிவிட்டு ராத்திரிக்குள் உப்பு எடுத்துவிட முடியாது. முதல் பாத்தியில் தேக்கி வெயிலில் வற்ற விடுவார்கள். கொஞ்சம் கெட்டியானதும் அடுத்த பாத்தி. இன்னும் கெட்டியானதும் அதற்கடுத்த பாத்தி. கடைசிப் பாத்தியில்தான் உப்பு பூக்கும். காரில் போகிறவர்கள் இறங்கி, வெள்ளை வெளேரென்று குவித்திருக்கும் உப்புக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். முதல் பாத்தித் தண்ணியோடு யாரும் போட்டோ எடுத்து நான் பார்த்ததில்லை.

சினிமாவில் இது பழைய முறைதான். எம்.ஜி.ஆர். சின்னப் பையனாக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். முதல் படம் 'சதிலீலாவதி' வந்தது 1936-ல். கதாநாயகனாக 'ராஜகுமாரி' வந்தது 1947-ல். நடுவில் பதினோரு வருஷம்! சிவாஜியும் பையனாகவே மேடை ஏறி, பல வருஷம் கழித்து 1952-ல் 'பராசக்தி'க்கு வந்தார். பம்பாய்ப் பக்கம் ஷாருக்கான் 1989-ல் தூர்தர்ஷனில் 'ஃபௌஜி' நடித்துவிட்டு 1992-ல்தான் 'தீவானா'வுக்குப் போனார். நம்ம சந்தானம் 'லொள்ளு சபா'வில் புடம் போட்டு 2004-ல் 'மன்மதன்' மூலம் கவனத்துக்கு வந்தார். பாய்ஸ் கம்பெனி, சபா நாடகம், டிவி... பாத்திக்குப் பேர்தான் மாறியிருக்கிறது.

இன்னொரு சின்ன எண்ட்ரி. 2008-ல் அஜித் நடித்த 'ஏகன்' படத்தில் சிவகார்த்திகேயன் ஒரு சிறு வேஷத்தில் நடித்தார். படம் தியேட்டருக்கு வந்தபோது அவருடைய காட்சி அதில் இல்லை. வீட்டில், தெருவில், ஃபிரெண்ட்ஸிடமெல்லாம் 'அஜித் படத்துல நான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டு தியேட்டரில் போய் உட்கார்ந்தால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது. அதற்கப்புறம் நாலு வருஷம் டிவி, நடுவில் குறும்படம். அட்லி எடுத்த 'முகப்புத்தகம்' குறும்படத்தில் நடித்தவர் இவர்தான். அட்லியும் அப்போது இன்னொரு பாத்தியில் வற்றிக்கொண்டிருந்தார்.

வரவு

2012 பிப்ரவரியில் பாண்டிராஜின் 'மெரினா'. அதற்கப்புறம் நடந்ததுதான் கணக்குப் பிள்ளையை மலைக்க வைப்பது. தனுஷுக்கு நண்பனாக '3', பிறகு 'மனம் கொத்திப் பறவை', 'கேடி பில்லா கில்லாடி ரங்கா', 'எதிர்நீச்சல்', 2013 செப்டம்பரில் 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்'. இருபது மாசத்தில் ஆறு படம்!

இவ்வளவு வேகத்துக்கு என்ன காரணம்? நான் பார்த்தவரை இது: சினிமா ஹீரோவை நாம் அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள். டிவிக்காரரை அப்படிப் பார்ப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நேருக்கு நேராகப் பார்க்கிறோம். 'ரசம் ஊத்து' என்று சொல்லிக்கொண்டே அவர் ஜோக்குக்குச் சிரிக்கிறோம். அந்த ஆள் தியேட்டர் திரையில் வந்தபோது, புது ஹீரோ வந்திருக்கிறார் என்று யாரும் நினைக்கவில்லை. நம்ம பையன் நடிச்சிருக்கானாமே, போய்ப் பார்த்துட்டு வரலாம் என்று குடும்பத்தோடு கிளம்பினார்கள். பின்னாளில், 2019-ல், அவர் படம் ஒன்றுக்கு 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்றே பேர் வைத்தார்கள். ஜனம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பட்டத்தைத் தயாரிப்பாளர் போஸ்டரில் அச்சடித்தார், அவ்வளவுதான்.

இதற்குக் கணக்குப் பாடத்தில் 'நற்பெயர்' என்று பேர். கடைக்குக் கட்டடம், சரக்கு எல்லாம் போக, 'அந்தக் கடைக்குப் போனா நல்லாயிருக்கும்' என்று ஜனம் நினைக்கிறதே, அதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அதில் ஒரு குறும்பான விதி. காசு கொடுத்து வாங்கிய நற்பெயரை ஐந்தொகையில் சொத்தாகக் காட்டலாம். தானாக வளர்த்த நற்பெயரைக் காட்டக் கூடாது! வருஷக்கணக்காக உழைத்துச் சேர்த்ததுக்குக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். அதை வைத்து எந்த பேங்கும் கடன் தராது. நடிகனின் மொத்த சொத்தும் அதுதான்.

தேய்மானம்

இயந்திரம் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும். சிரிப்பு இயந்திரத்துக்கும் அப்படித்தான்.

நட்சத்திரம் ஆனபின் வேகம் குறைந்தது. 2014-ல் 'மான் கராத்தே', 2015-ல் 'காக்கி சட்டை'. 'ரஜினிமுருகன்' தயாராகி, ரிலீஸ் தேதி பல தடவை தள்ளிப்போய், 2016 பொங்கலுக்குத்தான் வந்தது. நடித்தவர் வேலை முடித்துவிட்டார். படம் பெட்டிக்குள் இருந்தது. அதே 2016 அக்டோபரில் 'ரெமோ'. படத்துக்காக நடந்த நன்றி விழா மேடையில் அவர் அழுதார். தன்னை நிம்மதியாக வேலை செய்ய விடச் சொல்லிக் கேட்டார். ஊரையெல்லாம் சிரிக்க வைத்த மைக் முன்னாலேயே அழுதார். டிவியில் பார்த்த வீடுகளில் ரசம் ஆறிப்போயிருக்கும்.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இன்னொரு சங்கடம். வயசு ஏறும். பெண்ணின் பின்னால் சுற்றுவதும், நண்பனைக் கலாய்ப்பதும், அப்பாவிடம் திட்டு வாங்குவதும் முதல் ஆறு படத்துக்கு அழகு. பத்தாவது படத்தில் ஜனமே 'தம்பி, போதும், வேலைக்குப் போ' என்று சொல்ல ஆரம்பித்துவிடும். 2019-ல் 'மிஸ்டர் லோக்கல்' எடுபடவில்லை.

அப்போது அவர் எடுத்த முடிவுதான் இந்தக் கணக்கிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த எண்ட்ரி. 2021 அக்டோபரில் 'டாக்டர்'. டிவிக் காலத்திலிருந்தே பழக்கமான நெல்சன் இயக்கம். வாயை வைத்தே பிழைத்த மனுஷன் அந்தப் படத்தில் வாயையே திறக்க மாட்டார். சிரிக்கவும் மாட்டார். முகத்தைக் கட்டை மாதிரி வைத்துக்கொண்டு நிற்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பு மூட்டுவார்கள். கொரோனா கட்டுப்பாட்டினால் தியேட்டரில் பாதி சீட்டுக்குத்தான் அனுமதி. அப்படியும் ஓடியது. பழைய இயந்திரத்தைத் தானே கழற்றி வைத்துவிட்டுப் புதுசு மாட்டத் தைரியம் வேண்டும். வியாபாரத்திலேயே பல பேருக்கு அது வராது.

அதற்காக எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்காதீர்கள். 2022-ல் 'டான்' ஓடியது, அதே வருஷம் 'பிரின்ஸ்' படுத்தது. 2023-ல் 'மாவீரன்' கைகொடுத்தது. வருஷக்கணக்கில் இழுத்த 'அயலான்' 2024 பொங்கலுக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தது. அந்த வருஷ தீபாவளிக்கு 'அமரன்'. 2014-ல் காஷ்மீரில் உயிர் கொடுத்து அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனாக நடித்தார். மிமிக்ரி பண்ணிய பையன் ராணுவ உடுப்பில் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. தியேட்டரில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. சிரிப்புக் கலைஞனுக்கு இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் கிடையாது.

வராக் கடன்

பையன்கள் கவனிக்காத பக்கம் ஒன்று இருக்கிறது. சம்பளம் கோடியில் என்று பேப்பரில் படிக்கிறோம். பேசிய சம்பளம் வேறு, கைக்கு வருகிற சம்பளம் வேறு.

2022-ல் சிவகார்த்திகேயன் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 'மிஸ்டர் லோக்கல்' படத்துக்கு 15 கோடி பேசியதாகவும், 11 கோடி வந்து 4 கோடி பாக்கி என்றும், வந்த பணத்துக்குப் பிடித்த டி.டி.எஸ். கட்டப்படவில்லை என்றும் அவர் மனுவில் சொல்லியிருந்தார். தயாரிப்பாளர் தரப்பு மறுத்தது. விவகாரம் மத்தியஸ்தரிடம் போனது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் டி.டி.எஸ். என்றால் என்ன என்று சொல்வது என் வேலை. சம்பளம் கொடுப்பவர் நம் வரியைப் பிடித்துக்கொண்டு, நம் பேரில் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் ஆபீசர் நம் வாசலுக்குத்தான் முதலில் வருவார். இத்தனை பெரிய நடிகருக்கே கோர்ட் வாசல் தேவைப்படுகிறது என்றால், நேற்று வந்த பையனுக்கு என்ன கதி? பேசினதைப் பேப்பரில் எழுதி வாங்கத் தெரியாதவன் நடிக்கத் தெரிந்தும் பிரயோஜனமில்லை. நடிக்கப் போகிறவனுக்கு பி.காம். எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

கணக்கில் வராதது

கடைசியில், எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாத ஒரு விஷயம்.

'அது இது எது'வில் விருந்தாளிகளைச் சிரிக்க வைக்க வந்தவர்களில் ஒருவர் வடிவேல் பாலாஜி. மதுரைக்காரர். வடிவேலு மாதிரியே நடை, உடை, குரல். அவர் உள்ளே வந்தாலே போதும். விருந்தாளி பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார், முடியாது, வெடித்துவிடுவார். நம் வீட்டிலும்தான். அந்த மனுஷர் 2020 செப்டம்பரில், கொரோனாக் காலத்தில், காலமானார். சின்னச் சின்ன சினிமா வேஷங்கள் கிடைத்திருந்தன. பெரிய கதவு திறக்கவில்லை.

இன்னொரு மதுரைக்காரர் ரோபோ சங்கர். உடம்பில் பெயின்ட் பூசிக்கொண்டு ரோபோ மாதிரி ஆடியே அந்தப் பேரை வாங்கியவர். ஊர் ஊராக மேடை, அப்புறம் 'கலக்கப்போவது யாரு', அப்புறம் சினிமா. சிவகார்த்திகேயனின் 'வேலைக்காரன்' படத்திலும் நடித்தார். 2025 செப்டம்பரில் அவரும் போய்விட்டார். ஐம்பது வயசு கூட ஆகவில்லை.

இவர்களுக்குத் திறமை குறைவா? உழைப்பு குறைவா? அதே மேடை, அதே மைக், அதே கைதட்டல். கைதட்டலை டெசிபலில் அளந்திருந்தால் யாருக்கு அதிகம் என்று சொல்ல முடியாது. ஒருத்தருக்கு ஹீரோ நாற்காலி கிடைத்தது, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. முகவெட்டு, வயசு, சரியான நேரத்தில் கிடைத்த பாண்டிராஜ், தனுஷ்... இதையெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதுவது? உப்பளத்தில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசிப் பாத்தியில் வாரப்போகும் முந்தின நாள் மழை பெய்தால் யாரைக் கேட்பது?

ஜெயித்தவரின் கதையைப் பார்த்து 'அவ்ளோதாண்ணா' என்பது, ஜெயிக்காதவர்கள் ஏதோ சும்மா இருந்ததாகச் சொல்வது மாதிரி. அதுதான் என்னை உறுத்தியது.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்?

'சினிமா எல்லாம் நமக்கு எதுக்குடா' என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அவன் ஆசையில் தப்பு எதுவும் இல்லை.

"இதுவரைக்கும் யாரு எதிர்ல நின்னு நடிச்சிருக்க?" என்று கேட்டேன்.

"ரீல்ஸ் போடறேண்ணா. நாலாயிரம் ஃபாலோயர்ஸ்."

"எதிர்ல ஆளுங்க ஒக்காந்து, நீ ஜோக் சொல்லி, ஒருத்தரும் சிரிக்காம போனது எத்தினி தடவ?"

பதில் இல்லை. ரீல்ஸில் அந்த வசதி கிடையாது. பிடிக்காதவன் விரலால் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவான். அவன் மூஞ்சி நமக்குத் தெரியாது. சிரிக்காத மூஞ்சியை நேரில் பார்க்காமல் சிரிக்க வைக்கக் கற்றுக்கொண்டவன் ஒருத்தனும் இல்லை.

"வடபழனிக்கு இங்கேர்ந்து நூத்தி நாப்பது கிலோமீட்டர் இருக்கும். காலாப்பட்டு எத்தினி ஸ்டாப்பு?"

"ரெண்டு மூணு ஸ்டாப்புண்ணா."

காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருப்பது அவனுக்குத் தெரியும். அதற்குள் சங்கரதாஸ் சுவாமிகள் பேரில் ஒரு நிகழ்கலைப் பள்ளி இருப்பது தெரியாது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி ஆரம்ப காலத்தில் தலைமை வகித்த இடம். சங்கரதாஸ் சுவாமிகள் யார்? பெரிய நடிகர்கள் ஒழுங்குக்கு வரவில்லை என்று, 1918-ல் மதுரையில் சின்னப் பையன்களை வைத்தே நாடக சபை ஆரம்பித்தவர். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். அப்படிப் பெருகிய பாய்ஸ் கம்பெனிகளில் ஒன்றில்தான் எம்.ஜி.ஆரும் வளர்ந்தார். தமிழ் நடிகர்களுக்கு முதல் பாத்தி வெட்டிய அந்தப் பெரியவர் 1922-ல் கண்ணை மூடியது வேறெங்கும் இல்லை, பாண்டிச்சேரியில்.

அங்கே நாடகம் படிக்கலாம். ஆனால் அது மேல்படிப்பு. சேர வேண்டுமானால் ஒரு டிகிரி வேண்டும்.

"எந்த டிகிரின்னாலும் பரவால்லியாண்ணா?"

"பி.காம். உள்பட."

அம்மாவின் மூஞ்சியில் வெளிச்சம் வந்தது. பையனின் மூஞ்சியில் யோசனை வந்தது. ரெண்டும் நல்ல அறிகுறி. கூடவே ஒன்று சொல்லி வைத்தேன்: 'ஆடிஷனுக்குப் பணம் கட்டு, ஆல்பத்துக்குப் பணம் கட்டு' என்று யார் கேட்டாலும், அவர்கள் படம் எடுக்க வரவில்லை, உன்னிடம் எடுக்க வந்திருக்கிறார்கள்.

இறுதி இருப்பு

கணக்கை முடித்துக் கோடு போட வேண்டுமே. சிவகார்த்திகேயனின் இறுதி இருப்பு என்ன? கார், வீடு, சம்பளம் எல்லாம் அவருடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நான் எழுதுவது வேறு.

2018-ல் அவர் சொந்தமாகப் படம் எடுக்க ஆரம்பித்தார். முதல் படம் 'கனா'. கிரிக்கெட் ஆட ஆசைப்படும் விவசாயி மகளின் கதை. இயக்கியது அருண்ராஜா காமராஜ், திருச்சி காலேஜ் நாளிலிருந்து கூட இருந்த நண்பர். டிவியிலிருந்து வந்த ரியோ ராஜுக்கு அடுத்த வருஷம் ஒரு படம். பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் அவர் கம்பெனிப் படம். 2024-ல் பெர்லின் திரைப்பட விழா வரை போனது. அதில் நடித்தவர், வருத்தப்படாத வாலிபர் சங்கத்தில் கூட உட்கார்ந்திருந்த அதே சூரி. எல்லாப் படமும் லாபமா என்று நான் கேட்கப் போவதில்லை. தான் வற்றிய பாத்தியை மறக்காதவர் என்று மட்டும் இதிலிருந்து தெரிகிறது. இந்த எண்ட்ரியை நான் வரவுப் பக்கம்தான் எழுதுவேன். ஆடிட்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போகட்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ கண்ணாடி முன்னால் நின்று யார் மாதிரியோ பேசிக்கொண்டிருக்கலாம். திட்டாதீர்கள். அதற்காகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் வேண்டாம். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் எதிரே உட்கார வைத்து, 'எங்கே, ஒண்ணு பண்ணு பார்ப்போம்' என்று சொல்லுங்கள். நன்றாக இருந்தால் சிரியுங்கள். நன்றாக இல்லாவிட்டால், தயவுசெய்து, சிரிக்காதீர்கள்.

இப்போதைக்கு அந்தப் பிள்ளைக்கு வேண்டிய முதல் பாத்தி அதுதான்.